ஒப்பந்தத்தில் இல்லாதவன்

வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது தம்பிதான். அக்காவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. வக்கீல், கோர்ட்டு என்று பேச்செடுத்தாலே அவள் எழுந்து போய்விடுவாள். இத்தனை வருஷம் வாய் வார்த்தையில் ஓடிய தொழில் இன்னும் கொஞ்சம் அப்படியே ஓடட்டுமே என்றாள்.

"கேஸ் நடத்தவா கூப்பிடறோம்? எழுதிக் குடுக்கத்தான். நல்ல காரியத்துக்கும் வக்கீல் உண்டுக்கா" என்றான் அவன்.

அவன் சொன்னதும் சரிதான். அவர்களுக்கு முதன்முதலில் வேலை கொடுத்த எலும்பு டாக்டர், தன் கிளினிக்கை ஒரு பெரிய மருத்துவக் குழுமத்தோடு சேர்க்கப்போகிறார். அவர் சொல்லி வந்த குழந்தை டாக்டரும் தோல் டாக்டரும் அவர் பின்னாலேயே போகிறார்கள். குழுமத்துக்காரர்களுக்கு வாய் வார்த்தை எல்லாம் ஆகாது. முறையாக ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவந்தால் எங்கள் கிளினிக் பில் அத்தனையும் உங்களுக்கே என்று சொல்லியிருந்தார்கள். கொண்டுவராவிட்டால் இருக்கிற டாக்டர்களும் இல்லை. அப்புறம் கடையைச் சாத்திக்கொண்டு போகவேண்டியதுதான்.

கடை என்று சொன்னால் ஒரே அறை. கீழே டயர் கடை, மேலே இவர்கள். கீழே லாரி டயருக்குக் காற்றடித்தால் மேலே டீ கிளாஸ் மேசையில் நகரும். டாக்டர்கள் பார்த்த வைத்தியத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பில் அனுப்பிப் பணத்தை வாங்கித் தருவது தொழில். நோய்க்கு ஒரு எண், வைத்தியத்துக்கு ஒரு எண். இரண்டும் பொருந்தினால் பணம் வரும், பொருந்தாவிட்டால் கம்பெனி கையை விரித்துவிடும். எண் போட்டு அனுப்புவது அக்காவும் கூட இருக்கிற பெண்களும். கையை விரித்த பில்களோடு மல்லுக்கட்டுவது தம்பி.

அதில் அவனை மிஞ்ச ஆளில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால் எடுத்தவுடன் யார் பேசுகிறார்கள்? காத்திருங்கள் என்று ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் வைத்துவிடுவார்கள். தம்பி அந்தப் பாட்டுக்குக் கூடவே முனகிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, அரை நாள் ஆனாலும் உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பெயர் வைத்திருந்தான். எதைக் கேட்டாலும் அசையாத கம்பெனி கல்லுளிமங்கன். தருகிறேன் தருகிறேன் என்று இழுக்கிற கம்பெனி மாமியார். "மாமியார் இன்னைக்கு இறங்கி வந்துட்டாக்கா" என்று அவன் சொன்னால் அந்த மாதச் சம்பளம் தேறிவிட்டது என்று அர்த்தம். இவ்வளவு பொறுமை எங்கே கற்றீர்கள் என்று ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டபோது, "வரிசையில நின்னு சோறு வாங்குற ஒரு காலேஜ்ல" என்றான். அவளுக்குப் புரியவில்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அது ஜெயில். அக்காவும் தம்பியும் சின்ன வயதில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். அவள் சலவைக் கூடத்தில், ரத்தமும் மூத்திரமுமாக வரும் துணியை வண்டியில் அள்ளிப் போட்டுத் தள்ளிக்கொண்டு போவாள். அவன் ஸ்ட்ரெச்சர் தள்ளுவான். மருந்து அறையிலிருந்து ஊசி மருந்துப் பெட்டிகளை அவன் எடுத்து வருவான். அழுக்குத் துணிக்கு அடியில் வைத்து அவள் பின்வாசலுக்குத் தள்ளிப் போவாள். அழுக்குத் துணி வண்டியைக் கிளறிப் பார்க்க எந்தக் காவலாளிக்கும் மனசு வராது. வாசலில் ஒருத்தன் வாங்கிக்கொள்வான். வயிறு காய்ந்து செய்தோம் என்று சொன்னால் அது பாதிப் பொய். முதலில் வாடகைக்குச் செய்தார்கள், அப்புறம் ருசி கண்டு செய்தார்கள்.

பெட்டியும் கையுமாகப் பிடிபட்டது தம்பி. வெளியே கொண்டுபோனது யார் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். நானேதான், இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன் என்றான். அந்தப் பெட்டி எந்த இடுப்பிலும் நிற்காது. அது அடித்தவர்களுக்கும் தெரியும். ஆனால் அவன் சொன்னதை மாற்றவில்லை. தண்டனை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அவன் உள்ளே இருந்த காலத்தில் அக்கா பில்லிங் படித்து எலும்பு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். வெளியே வந்தவனை எவனும் வேலைக்கு எடுக்கவில்லை, எவனும் பெண்ணும் கொடுக்கவில்லை. அவள்தான் பக்கத்தில் உட்காரவைத்து வேலை பழக்கினாள். பிறகு இரண்டு பேருமாகத் தனியே தொடங்கினார்கள். அவர்களிடம் வேலை கொடுத்த எந்த டாக்டரும் அவனைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. கேட்கவேண்டிய பேப்பர் எதுவும் அப்போது இல்லை.

வக்கீலைப் பார்க்கப்போகும் அன்று தம்பி சட்டையை இஸ்திரி போட்டு, முடி வெட்டிக்கொண்டு வந்தான். பெண் பார்க்கப் போகிறாயா என்று அக்கா கேலி செய்தாள். வக்கீலம்மாவுக்குப் பிடித்திருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றான்.

வக்கீலம்மாவுக்குக் கால் வீக்கம். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு குட்டி ஸ்டூலில் காலை வைத்துக்கொண்டு பேசினார். சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. மூன்று விதமான ஒப்பந்தம் வேண்டியிருக்கும் என்றார். குழுமத்தோடு ஒன்று, வேலை பார்க்கும் பெண்களோடு ஒன்று, அக்காவும் தம்பியும் தங்களுக்குள் போட்டுக்கொள்வது ஒன்று. கடைசியில் சொன்னதைக் கேட்டு அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடப் பிறந்தவனோடு என்ன ஒப்பந்தம்? தம்பிக்கோ முகமெல்லாம் வெளிச்சம். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். டாக்டர் எழுதித் தந்ததில் தப்பிருந்தால் யார் பொறுப்பு, நோயாளி விவரம் வெளியே போனால் என்ன செய்வது, இடையில் விலகினால் எத்தனை நாள் முன்னால் சொல்லவேண்டும் என்று வக்கீலம்மா கேட்கக் கேட்க, பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுப் பையன் மாதிரி பதில் சொன்னான். தங்கள் தொழிலைப் பற்றி ஒரு படித்த மனுஷி இவ்வளவு அக்கறையாகக் கேட்டு எழுதிக்கொள்வது அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கா அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதுக்கு அப்புறம் அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

அடுத்த கேள்வியையும் வக்கீலம்மா அதே குரலில், பேனாவைப் பார்த்தபடியே கேட்டார்.

"உங்க ரெண்டு பேர்லயோ, வேலை பாக்கறவங்கள்லயோ, யார் மேலயாவது கிரிமினல் கேஸ்ல தண்டனை ஆகியிருக்கா?"

இல்லை என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் தம்பி சொல்லிவிட்டான்.

"எனக்கு ஆகியிருக்குங்க. ஆஸ்பத்திரி மருந்து திருடினதுக்கு. முழுசா இருந்துட்டு வந்துட்டேன்."

அதைச் சொல்லும்போதும் அவன் முகத்தில் அந்த முதல் பெஞ்சு வெளிச்சம் இருந்தது. நல்ல வக்கீலிடம் எதையும் மறைக்கக்கூடாது, உள்ளதைச் சொன்னால் அதற்குத் தகுந்த மாதிரி எழுதித் தருவார் என்று நம்பினான். அந்த அறையில் அவன் செய்த ஒரே தப்பு அது. வக்கீலம்மா பேனாவை வைத்துவிட்டு ஸ்டூலிலிருந்து காலைக் கீழே இறக்கினார்.

அப்புறம் அவர் நிதானமாகச் சொன்னார். இன்சூரன்ஸ் பணத்தைத் தொடுகிற எந்த ஒப்பந்தத்திலும் ஒரு ஷரத்து உண்டு. மருத்துவமனையிலோ மருந்திலோ திருட்டு, மோசடி என்று தண்டனை பெற்றவர் யாரும் இந்த வேலையில் எந்த விதத்திலும் இல்லை என்று முதலாளி உறுதி தரவேண்டும். சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதைத் தான் எழுதாமல் விட்டாலும் குழுமம் எழுதும். மீறியது தெரிந்தால் ஒப்பந்தம் போகும், கையெழுத்துப் போட்டவர் மேல் வழக்கு வரும். பழைய தண்டனையை அழிக்கச் சொல்லி மனுப் போடலாம். வருஷக் கணக்கில் ஆகும். கிடைக்கும் என்று தன்னால் சொல்லமுடியாது.

"பின்னாடி உக்காந்து வேலை மட்டும் பாத்தா?" என்று அக்கா தொடங்கினாள்.

"அதை எங்கிட்ட சொல்லாதீங்க. காதுல விழுந்துட்டா என்னால எழுத முடியாது." பிறகு தம்பியைப் பார்த்து, தான் அவர்களுடைய தொழிலுக்குத்தான் வக்கீல், அவன் தன் பங்கைப் பற்றிப் பேச வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்வது நல்லது என்றார்.

"எனக்கு ஏற்கெனவே ஒரு வக்கீல் இருந்தாருங்க. அந்த அனுபவமே போதும்" என்றான் தம்பி. சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அக்காவுக்கு நெஞ்சு கொதித்தது. "அப்படிப் பாத்தா நானும்..." என்று வாயெடுத்தாள். மேசைக்கு அடியில் தம்பியின் செருப்புக் கால் அவள் பாதத்தை அழுத்தியது. வலிக்கிற அளவுக்கு அழுத்தியது. அவள் மென்று முழுங்கிவிட்டாள்.

ஆனால் முழுங்கினது உள்ளே நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தம்பிக்குத் தெரியாமல் வக்கீலம்மாவிடம் தனியாகப் போனாள். கதவைச் சாத்திவிட்டு, உட்காராமலே சொன்னாள். "அந்த மருந்தை வெளிய தள்ளிட்டுப் போனது நான்தாங்க. அவன் தனியா செய்யல."

வக்கீலம்மா அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும் கேட்டார்.

"கோர்ட்டு உங்களைக் கேட்டுச்சா?"

"இல்ல."

"தண்டனை குடுத்துச்சா?"

"இல்ல."

"அப்ப அந்த ஷரத்துக்குள்ள நீங்க வரமாட்டீங்க. தண்டனை ஆனவங்களைத்தான் அது கேக்குது. செஞ்சவங்களைக் கேக்கல."

"இது நியாயமாங்க?"

"நியாயம் எழுத என்னை வைக்கலம்மா நீங்க. கான்ட்ராக்ட் எழுத வெச்சிருக்கீங்க." அவர் குரலில் கடுமை இல்லை. குழுமத்தின் வக்கீலிடம் பேரைச் சொல்லாமல் விலக்கு உண்டா என்று கேட்டுப் பார்த்துவிட்டதாகவும், அவர்கள் இம்மியும் அசையவில்லை என்றும் சொன்னார். நீங்கள் இப்போது சொன்னது இந்த அறைக்கு வெளியே போகாது என்றும் சொன்னார்.

படியிறங்கும்போது அக்காவுக்குக் கால் லேசாக இருந்தது. தெருவுக்கு வந்து, பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அந்த லேசு என்னவென்று அவளுக்குப் புரிந்தது. தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி அது. தூ என்றிருந்தது. பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. வெயிலில் வீடுவரை நடந்தே போனாள்.

அதற்குள் தம்பி எல்லாவற்றையும் முடிவுசெய்து வைத்திருந்தான். ஊருக்கு அந்தப் பக்கம் லாரி ஷெட்டில் லோடு ஏற்றும் வேலைக்குச் சொல்லிவிட்டான். மேஸ்திரி அவனுக்குப் பழைய பழக்கம். முதுகு தாங்குமா என்று அக்கா கேட்டாள். இத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் முதுகு போயிற்று, மூட்டை தூக்கினால் சரியாகிவிடும் என்றான்.

குழுமமே வேண்டாம் என்றாள் அவள். சின்ன டாக்டர்களாகத் தேடிப் பிடிக்கலாம், முதலில் எப்படித் தொடங்கினோமோ அப்படி. எந்த டாக்டர், பேரைச் சொல் என்றான். அவளிடம் பேர் இல்லை. வேலை பார்க்கும் பெண்கள் இரண்டு பேரின் வீட்டிலும் அந்தச் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது. அவளுக்கோ சலவைக் கூடத்து நீராவியில் நெஞ்சு கெட்டுப்போனது. ஒரு மாடி ஏறினால் இளைக்கிறது. இனி எங்கே போய்த் துணி அள்ளுவாள்?

"வேணாண்டா. நீ இல்லாம எனக்கு எதுக்கு இந்தத் தொழில்" என்றாள் மறுபடியும்.

அவன் ஷெட்டுக்குப் போட்டுப்போகப் பழைய சட்டைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். காலர் கிழிந்ததை ஒரு பக்கமும் பித்தான் போனதை ஒரு பக்கமும் போட்டான். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் போயிற்று. பித்தான் தைத்துத் தரட்டுமா என்று கேட்டாள்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "ரெண்டு தடவை வேணாம்னு சொன்ன. மூணாவது தடவை சொல்லலயே" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. மாமியார் இறங்கி வந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னான். அக்காவுக்கு உடம்பு முழுக்கக் கூசிப்போயிற்று. நான் பின்வாசல் வழியாக உனக்கு வேலை கொடுத்தனுப்புகிறேன், ஒருத்தருக்கும் தெரியாது என்றாள்.

"மாட்டினா இந்தத் தடவை உள்ள போறது நீ. கையெழுத்து உன்னோடது." அவன் ஊசியையும் நூலையும் எடுத்து அவள் கையில் கொடுத்தான். "அப்புறம் அன்னைக்கு நான் உள்ள போனதுக்கு என்னக்கா அர்த்தம்?"

அவள் உட்கார்ந்து பித்தான் தைத்தாள். நூல் கோக்க வரவில்லை. அவன்தான் கோத்துக் கொடுத்தான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவன் பேரில் இருப்பதையெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். சாவி, போன், கம்ப்யூட்டர் எதிலும் அவனுக்கு வழி இருக்கக்கூடாது. கையெழுத்துப் போடுகிற நிமிஷத்தில் அந்த உறுதிமொழி உண்மையாக இருக்கவேண்டும்.

கையெழுத்து நாளன்று தம்பி காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து மேசையைத் துடைத்துவைத்திருந்தான். பாக்கி இருக்கும் பில்களைப் பற்றிப் புதுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தான். கல்லுளிமங்கனிடம் கோபப்படாதே, கோபப்பட்டால் வைத்துவிடுவான். மாமியாரிடம் சாயங்காலம் பேசாதே. பாட்டு ஓடும்போது வேறு வேலை பார், ஆனால் காதை எடுக்காதே. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். நீங்களும் எங்கள் மாதிரி ஒரு சம்பளக்காரராக இருந்துவிடக்கூடாதா என்று கேட்டாள். அதற்கும் ஷரத்து இருக்கிறது என்றான்.

சாவியை அக்கா கையில் கொடுத்தான். பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தார்கள். நோயாளிகளின் விவரம் அத்தனையும் இருக்கும் இடத்துக்கு ஒரே பாஸ்வேர்டு. அதை வைத்தது அவன். இப்போது மாற்றவேண்டும். அக்கா உட்கார்ந்தாள். அவன் அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"நான் ஊகிக்க முடியாததா வை" என்றான் சுவரைப் பார்த்தபடி.

அவள் கையை எழுத்துகள் மேல் வைத்தாள். அம்மாவைச் செல்லமாகக் கூப்பிடும் பேர். அவனுக்குத் தெரியும். குடியிருந்த வீட்டுக் கதவு எண். அதுவும் தெரியும். அவளைக் கட்டிக்கொண்டு, ஒரு வருஷம் முடிவதற்குள் விட்டுவிட்டுப் போனவனின் பேர். அது தெரியாதவனா? யாருக்கும் தெரியாமல் கலைந்துபோன பிள்ளைக்கு அவள் வைத்திருந்த பேர் ஒன்று உண்டு. அதையும் ஒருநாள் இவனிடம்தான் சொல்லி அழுதிருந்தாள். தேடத் தேட, தனக்கென்று அவன் அறியாத ஒரு சொல் தன்னிடம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததைத் தட்டினாள். அதையே இன்னொரு முறை அடி என்றது கம்ப்யூட்டர். எதை அடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னக்கா?"

"வரமாட்டேங்குதுடா."

அவன் திரும்பவில்லை. முதுகு மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. "புதுப் பொண்ணைக் கூப்பிடு. அவ வைக்கட்டும்."

அந்தப் பெண் வந்தாள். தனக்கு மட்டும் தெரிந்த எதையோ மடமடவென்று அடித்தாள். இரண்டு முறையும் சரியாக வந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அக்காவின் கையில் வைத்துவிட்டு, பாத்ரூம் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டபடி தம்பி திரும்பினான்.

அவன் திரும்புவதற்கும் அக்காவின் விரல்கள் அந்தக் காகிதத்தின் மேல் மூடிக்கொள்வதற்கும் சரியாக இருந்தது. அவள் மூடவேண்டும் என்று மூடவில்லை. கை தானாக மூடிக்கொண்டது. அவன் பார்த்துவிட்டான். மூடிய கையைத் திறக்கவும் முடியாமல், அப்படியே வைத்திருக்கவும் முடியாமல் அவள் அவனையே பார்த்தாள்.

"அப்படித்தான் இருக்கணும்" என்றான் தம்பி. பித்தான் தைத்த சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஷெட்டில் முதல் லாரி வந்துவிடும் என்று சொல்லிப் படியிறங்கினான்.